மூணாவது கட்டத்துல ஒரு டிக்

ஆமா சார், அவர் எழுதினதுதான். நீங்க எத்தனை தடவை கேட்டாலும் இதேதான் சொல்லப் போறேன். கோழி கிளறின மாதிரி இருக்குங்கறதுக்காக வேற யாரோ எழுதினதுன்னு ஆயிடுமா? இந்தக் காலேஜ்லயே இவ்வளவு கேவலமா எழுதுறவர் அவர் ஒருத்தர்தான். ஒன்பது வருஷமா இந்த டிபார்ட்மென்ட் ஆபீஸ்ல டைப்பிஸ்டா இருக்கேன். அவர் எழுத்தைப் படிச்சுப் படிச்சே எனக்குக் கண்ணாடி பவர் ஏறிப் போச்சு. ஒண்ணா ஏழான்னு கண்டுபிடிக்கிறதுக்கே ஒரு பூதக்கண்ணாடி வேணும்.

உட்காருங்க. ஐயோ அதுல வேண்டாம், அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். நாலு மாசமா எழுதிக் குடுத்துட்டு இருக்கேன், யார் கேக்குறா. இப்படி இதுல உட்காருங்க. எங்க விலங்கியல் சார் ப்ராக்டிகல் வகுப்புல இருக்காரு. உள்ள போயிட்டார்னா பன்னெண்டு மணிக்கு மணி அடிக்கிற வரைக்கும் வெளிய தலைய நீட்ட மாட்டாரு. போன வருஷம் தீயணைப்பு ஒத்திகை நடந்தப்ப காலேஜே மைதானத்துல நிக்குது, இவர் மட்டும் உள்ள தவளையை வச்சுக்கிட்டு பாடம் நடத்துறாரு. பசங்க சும்மாவா தவளை சார்னு பேர் வச்சாங்க?

வழக்கமா உங்க மருத்துவக் கல்லூரியிலேருந்து ஒரு வயசானவர் வருவாரு. சான்றிதழ் ஒரிஜினல் எல்லாம் பாப்பாரு, முத்திரைய வெளிச்சத்துல பிடிச்சுப் பாப்பாரு, ஒரு டீ குடிப்பாரு, போயிடுவாரு. அவர் ஓய்வா? அப்படியா. நீங்க புதுசு. அதான் இவ்வளவு கேள்வி. இல்ல சார், தப்பா சொல்லல. கேள்வி கேக்கணும். யாராவது கேக்கத்தானே வேணும்.

ம்ம். பன்னெண்டு பரிந்துரை லெட்டர். பதினொண்ணு டைப் அடிச்சது, ஒவ்வொண்ணும் முழுசா ஒரு பக்கம். இந்த ஒண்ணு மட்டும் கையால, நாலு வரி. அதத்தானே கேக்குறீங்க.

என்ன சொன்னீங்க? வாய்விட்டு வாசிப்பீங்களா? தேர்வுக் குழுவுல உக்காந்தா? எத, இந்த லெட்டர்களையா! அட. அது... எனக்குத் தெரியாதே. எந்த வரின்னு ஞாபகம் இருக்கா? சும்மாதான் கேக்குறேன். ஓ, அந்தப் பையன் லெட்டரா. பரிசோதனை எலிக்கு ஊசி போடுறதுக்கு முன்னாடி மருந்துக் குப்பியைக் கைக்குள்ள வச்சு சூடு பண்ணிட்டுப் போடுவான், ஜில்லுன்னு போனா எலிக்கு வலிக்கும்னு. அந்த வரிதானே? ஆமா, நல்லா வந்திருக்கும் அது. போன வருஷம் திக்கித் திக்கிப் பேசுற பொண்ணைப் பத்தி ஒண்ணு வந்திருக்குமே, மத்தவங்க பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கக் கத்துக்கிட்டவள்னு. அதையும் வாசிச்சீங்களா? தலைவரே ரெண்டு தடவை வாசிச்சாரா? பரவாயில்லையே. இல்ல, ஒண்ணும் இல்ல, கண்ணுல தூசி. இந்த அலமாரிய திறந்தா இப்படித்தான்.

எப்படி வரி வரியா ஞாபகம்னா, டைப் அடிக்கிறது நான்தானே சார்.

விண்ணப்பம் போடுற அந்த ரெண்டு மாசம் இருக்கே, அத மாதிரி ஒரு கொடுமை கிடையாது. வெளிய அந்த பெஞ்சைப் பாத்தீங்கல்ல? எல்லா வருஷமும் அந்த நேரத்துல அதுல இடம் இருக்காது. டாக்டருக்குப் படிக்கணும்னு ஆசைப்படுற பிள்ளைங்க பூரா அங்க உக்காந்து நகத்தைக் கடிக்கும். எதுக்கு? சாரைப் பாத்து ஒரு லெட்டர் கேக்கணும். அவர் அந்தப் பக்கமா நடந்து போவாரு, பாருங்க, ஒரு பேப்பரைப் படிச்சுக்கிட்டே போவாரு, பெஞ்சுல ஆள் இருக்குன்னே தெரியாது அவருக்கு. பிள்ளைங்க எழுந்து நிக்கும், உக்காரும், எழுந்து நிக்கும், உக்காரும். எனக்கு இங்கருந்து பாத்தா எரிச்சலா வரும். வாயைத் திறந்து கேளேன்டா! கேக்காது. கடைசியில என்கிட்டதான் வந்து நிக்கும். மேடம், நீங்க சார்கிட்ட சொல்லுங்க மேடம்.

கேட்டா மட்டும் ஒழுங்கா காகிதம் கொண்டு வருமா? புகைப்படம் நாலு கேட்டா ரெண்டு. பின்னணி வெள்ளைன்னா நீலம். ஒருத்தன் அவன் அக்கா கல்யாணத்துல எடுத்த போட்டோவுல தலைய மட்டும் வெட்டி ஒட்டிட்டு வந்தான், தோள்ல யாரோ கை போட்டிருக்கு. அப்புறம் இந்த சுயவிளக்கக் கட்டுரை, நான் ஏன் மருத்துவராக விரும்புகிறேன்னு நீங்க கேக்குறீங்களே, அது. சார், நான் சொல்றேன்னு கோச்சுக்காதீங்க, எல்லாருக்கும் தாத்தா நெஞ்சுவலியில போயிருக்காரு. எல்லாரும் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு அன்னைக்கே முடிவு பண்ணியிருக்காங்க. ஒரு பையன்கிட்ட கேட்டேன், ஏன்டா, உங்க தாத்தாதானே போன வாரம் உன்னை வண்டியில கொண்டு வந்து விட்டாருன்னு. தலையச் சொறியறான். இன்டர்நெட்ல அப்படித்தான் இருந்துச்சாம்.

அதுக்கும் மேல உங்க இணையதளம். ஒரு படிவம் ஏத்த நாற்பது நிமிஷம். கடைசிப் பக்கம் வந்ததும் நேரம் முடிந்ததுன்னு சொல்லிட்டு முதல்லேருந்து ஆரம்பிக்கும். யாரு சார் அதை செஞ்சது? அவங்களை ஒரு நாள் இந்த நாற்காலியில உக்கார வைக்கணும். அந்தக் கால் ஆடுற நாற்காலியில.

யாரது? முத்திரையா? மத்தியானம் வாம்மா, இப்ப சார் உக்காந்திருக்காங்க தெரியல? ...பாத்தீங்களா, உதவித்தொகைக்கு நாளைக்குக் கடைசி நாளு, இன்னைக்கு வருது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அந்த லெட்டரைக் கொஞ்சம் குடுங்க. நான் இன்னும் முழுசா பாக்கல. இல்ல சார், சத்தியமா பாத்ததில்ல. இது ஒண்ணு மட்டும் அவரே எழுதி, அவரே உறையில போட்டு, அவரே ஒட்டி, ஒட்டின இடத்துல கையெழுத்தும் போட்டுட்டாரு. என் கைக்கு வந்தப்ப மூடின உறைதான். நீங்க இப்ப எடுத்துக் காட்டுனதுதான் முதல் தடவை.

இந்த மாணவியை இரண்டு வருஷமாகத் தெரியும். கேள்வி அதிகம் கேட்பாள், சிலது எனக்கே பதில் தெரியாதவை. தவறு செய்தால் மறைக்க மாட்டாள். சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவுதானா? பின்னாடி ஏதாவது... இல்ல. அவ்வளவுதான்.

கீழ டிக். மூணாவது கட்டம். நூறு பேர்ல முதல் இருபத்தஞ்சு. மனுஷனுக்கு வேற கட்டமே கிடைக்கலையா!

ம். சொல்லுங்க. உங்க குழுவுல என்ன பேசிக்கிறாங்க? எச்சரிக்கையா? எதுக்கு எச்சரிக்கை? ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கம் பக்கமா எழுதுறவர், எல்லாரையும் முதல் அஞ்சுல வைக்கிறவர், இவளுக்கு மட்டும் நாலு வரி எழுதி மூணாவது கட்டத்துல டிக் போட்டாருன்னா, வாயால சொல்ல முடியாத ஏதோ குறை இருக்குன்னு அர்த்தமா? தவறு செய்தால்னு எழுதியிருக்கறதால தவறு செய்யற பொண்ணா? நல்லா இருக்கு சார் உங்க படிப்பு. மறைக்க மாட்டாள்னு அடுத்த வார்த்தை இருக்கே, அது கண்ணுல படலையா உங்க பெரிய மனுஷங்களுக்கு?

கோவப்படல. நான் எதுக்குக் கோவப்படணும். குரல் அப்படித்தான் எனக்கு.

அது என்ன தவறுன்னு நான் சொல்றேன், கேட்டுக்கோங்க. எங்க ஆய்வுக்கூடத்துல கடைசி அலமாரியில ஒரு பெரிய கண்ணாடிக் குடுவை இருந்துச்சு. உள்ள இதயம் ஒண்ணு, பிறவியிலயே ஓட்டை விழுந்தது. சார் படிச்ச காலத்துல அவரோட வாத்தியார் குடுத்ததாம். அதைத் துடைக்கக் கூட யாரையும் விட மாட்டாரு, அவரே துடைப்பாரு. இந்தப் பொண்ணு ஒரு சாயங்காலம் தனியா வேலை பாத்துட்டு இருந்திருக்கா. பையை மாட்டித் திரும்பும்போது தட்டி விட்டுட்டா. சுக்கு நூறு. கூடத்துல ஒரு ஆள் கிடையாது. கண்ணாடியக் கூட்டி அள்ளிப் போட்டுட்டுப் போயிருந்தா, எலி தள்ளிச்சோ காத்து தள்ளிச்சோன்னு போயிருக்கும். மருந்துத் தண்ணி சொட்டச் சொட்ட அந்த இதயத்தை ஒரு தட்டுல எடுத்து வச்சுக்கிட்டு நேரா சார் அறைக்குப் போயி, நான் உடைச்சிட்டேன்னு நின்னிருக்கா. பத்து நிமிஷம் கூட ஆகல. சார் மூணு நாள் யார் கூடயும் பேசல. நாலாவது நாள் அவளைக் கூப்பிட்டு, இனிமே அந்த அலமாரி சாவி உன்கிட்ட இருக்கட்டும்னு குடுத்துட்டாரு.

அதத்தான் சார் அவர் ஒரு வரியில எழுதியிருக்காரு. அவர் வாயிலேருந்து அதுக்கு மேல ஒரு பாராட்டு வந்து நான் கேட்டதே இல்ல.

எனக்கு எப்படித் தெரியும்னா... அன்னைக்கு வீட்டுக்கு வந்து சோறு கூட திங்காம அழுதா. கையெல்லாம் கண்ணாடிக் கீறல், நான்தான் மருந்து போட்டு விட்டேன். படிவத்தைப் பாருங்க, அம்மா தொழில்னு என்ன போட்டிருக்கு? தட்டச்சர். எங்கன்னு போட்டிருக்காது. அவ போட மாட்டேன்னுட்டா.

ஏன் எந்திரிக்கிறீங்க? உக்காருங்க தம்பி. தம்பின்னுட்டேன், மன்னிச்சுக்கோங்க. உக்காருங்க சார். உங்ககிட்ட சிபாரிசு கேக்க நான் உங்களை உக்கார வைக்கல. நீங்களாத்தான் வந்து இந்த லெட்டரை நீட்டி இது யார் எழுத்துன்னு கேட்டீங்க. இவ என் பொண்ணுன்னு நான் முதல்லயே சொல்லியிருந்தா அந்தக் காகிதத்தைக் கண்ணுல காட்டியிருப்பீங்களா? மாட்டீங்கல்ல.

இந்தக் காலேஜ்ல பாதிப் பேருக்கு அவ என் பொண்ணுன்னே தெரியாது. அவளும் அந்த பெஞ்சுலதான் உக்காருவா. உள்ள வந்தா என்னை மேடம்பா. பெத்த பொண்ணே மேடம்னு கூப்பிட்டா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க. சிரிப்பும் வரும், ஒரு அறை விடலாமான்னும் வரும். முத்திரை வேணும்னா அவளும் வரிசையிலதான் நிக்கணும். ஒரு நாள் மணி அஞ்சாயிடுச்சு, ஜன்னலை மூடிட்டேன், நாளைக்கு வாம்மான்னுட்டேன். வீட்டுக்குப் போற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே பஸ்ல முறைச்சுக்கிட்டே போனோம்.

வீட்டுல சாப்பாட்டு மேசையில சாப்பிட்டு ரெண்டு மாசம் ஆச்சு. பூரா அவ காகிதமா கிடந்துச்சு. ஆஸ்பத்திரியில தன்னார்வலரா நின்னதுக்கு சான்றிதழ், முதலுதவி சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், அதோட நகல், நகலோட நகல். கட்டுரையை ஏழு தடவை எழுதினா. எழுதறது, படிக்கிறது, கிழிக்கிறது. குடு, நான் ஒரு தடவை பாக்குறேன்னேன். வேண்டாம்மா, நீ கை வச்சா நல்லாத்தான் இருக்கும், அதான் வேண்டாம்னா. எப்படி இருக்கு பாருங்க பதில். எனக்குச் சுருக்குன்னுச்சு. ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் என் மேசையில காகிதத்தைக் கொட்டி மேடம் மேடம்னு சுத்துது, என் வயித்துல பொறந்தது நான் தொட்டா தீட்டுங்குது.

லெட்டருக்கும் அதே பேச்சுதான். சாரே எழுதட்டும், அவர் என்ன நினைக்கிறாரோ அது போகட்டும், இதுல மட்டும் நீ கை வைக்காதன்னு என் கையப் பிடிச்சு சத்தியம் வாங்கிட்டா.

சரின்னு படிவத்தைக் கொண்டு போயி சார் முன்னாடி வச்சேன். வழக்கம் போல பேனாவ எடுத்துட்டு, எங்க போடணும்னாரு. அவர் கையெழுத்து போடுறதைப் பாத்திருக்கணும் நீங்க. நின்னுக்கிட்டே போடுவாரு. வருகைப் பதிவேடு, ரசாயனம் வாங்குற பட்டியல், அதுக்கு நடுவுல லெட்டர், எல்லாத்துக்கும் ஒரே இழுப்பு. மேல என்ன இருக்குன்னு பாக்க மாட்டாரு, எங்கன்னு மட்டும் கேப்பாரு. நான் சொன்னேன், எங்கயும் இல்ல சார், இது வெறும் காகிதம், நீங்க உக்காந்து எழுதணும். அவருக்குப் புரியவே இல்ல. எழுதணும்னா? என்ன எழுதணும்? வழக்கம் போல போட்டுடுங்களேன்னாரு. முடியாது சார், இது என் பொண்ணுன்னேன். நிமிர்ந்து என்னைப் பாத்தாரு. உங்களுக்குப் பொண்ணு இருக்கான்னாரு. ரெண்டு வருஷமா அவர் கூடத்துலயே வேலை பாக்குறா!

பத்தொன்பது நாள் சார். தினம் காலையில போயி நிப்பேன். எழுதிட்டீங்களா? நாளைக்கு. எழுதிட்டீங்களா? காகிதத்தைக் காணோம். வேற காகிதம் குடுத்தேன். அதுல தவளைக் கால் படம் போட்டு வச்சிருந்தாரு. மூணாவது காகிதம். இருபதாவது நாள் இந்த உறையக் கொண்டு வந்து மேசையில வச்சுட்டு, இதுக்கு நூறு விடைத்தாள் திருத்தியிருக்கலாம்னுட்டுப் போனாரு.

அந்த உறை ஒரு ராத்திரி இல்ல, வெள்ளி, சனி, ஞாயிறு, மூணு நாள் என் பையில கிடந்துச்சு. வீட்டுல கெட்டில் இருக்கு. ஆவியில காட்டினா பசை விட்டுடும்னு சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். ரெண்டு தடவை கெட்டில்ல தண்ணி ஊத்தினேன். ரெண்டு தடவையும் டீ போட்டுக் குடிச்சிட்டேன். அவ்வளவு சத்தியம் பண்ணிட்டு எப்படித் திறக்கிறது? திங்கக்கிழமை நானே பதிவுத் தபால்ல போட்டேன். அன்னைக்கே திறந்து பாத்திருந்தா... என்ன பண்ணியிருப்பேன்னு கேக்காதீங்க. எனக்குத் தெரியாது.

நாலு கல்லூரிக்குப் போட்டிருக்கா. மூணுல இடம் இல்லன்னு வந்தாச்சு. லெட்டர் கேக்குற உங்களுது ஒண்ணுதான் பாக்கி. அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துல வேலைக்குச் சேரப் போறேன்னுட்டா. இது வரலைன்னா இனிமே எழுத மாட்டாளாம், பேசவும் கூடாதாம். பைல் எல்லாத்தையும் கட்டி மேல பரண்ல போட்டுட்டா. மேசையில இப்ப தட்டு வைக்க இடம் இருக்கு. எனக்குத்தான் உக்கார்ந்து சாப்பிடப் பிடிக்கல.

குழு எத்தனை மணிக்குக் கூடுது? மூணு மணிக்கா. இன்னைக்கேவா!

அவ எந்த இடத்துல இருக்கா? சொல்லக் கூடாதா. சரி, சொல்லாதீங்க. விளிம்புல இருக்கான்னா விளிம்புல இருக்கா. மதிப்பெண் இருக்கு, நேர்காணல் நல்லா பண்ணியிருக்கா, இந்த லெட்டர்தான் கீழ இழுக்குதுன்னு நீங்க சொல்லாமலே உங்க முகத்துல தெரியுது.

ஆமா, சார்கிட்ட கேளுங்க. கேக்கத்தானே வந்திருக்கீங்க. என்ன கேப்பீங்க? இவளுக்கு ஏன் நாலு வரின்னு. அவர் என்ன சொல்வாரு தெரியுமா? வேற எத்தனை வரி வேணும்பாரு. மத்தவங்களுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கீங்களேன்னா முழிப்பாரு. நீங்க அதையும் குழுவுல போயி, சார் பதில் சொல்லாம மழுப்பிட்டாருன்னு சொல்வீங்க. முடிஞ்சுது கதை.

இருங்க, போன் அடிக்குது. ...ஆமா, விலங்கியல் ஆபீஸ்தான். வகுப்புல இருக்காரு. பன்னெண்டுக்கு மேல பண்ணுங்க.

என்ன கேட்டீங்க? அந்தப் பதினொண்ணையும் திரும்ப அடுக்கணுமா, குடுங்க, நான் பின் அடிச்சுத் தர்றேன். அந்த ஸ்டேப்ளரை இப்படித் தள்ளுங்க. இது எலிப் பையன். இது மூணு பஸ் மாறி வந்தும் ஒரு நாள் கூட தாமதமா வராத பொண்ணு. இது ரத்தம் பாத்தா மயங்கி விழுவான், விழுந்து எழுந்து திரும்ப வந்து உக்காருவான், அவன். இந்தப் பதினொண்ணும் நான் எழுதினது சார். உங்க குழு வாய்விட்டு வாசிச்சதும் நான் எழுதினதுதான். போன வருஷத்துது, அதுக்கு முந்தின வருஷத்துது, எல்லாம். பின் தீந்து போச்சு போல, அந்த டிராயர்ல ஒரு பெட்டி இருக்கும், எடுங்க.

ஆமா, காதுல சரியாத்தான் விழுந்துச்சு.

ஆரம்பத்துல அவர்தான் எழுதிட்டிருந்தாரு. எல்லாருக்கும் இதே நாலு வரி. நல்ல மாணவர், ஒழுக்கமானவர், பரிந்துரைக்கிறேன், இப்படிக்கு. நான் வந்த முதல் வருஷம், படிப்பை விட்டுப் போன ஒரு பையனை நெனச்சுக்கிட்டு வேற ஒருத்தனுக்கு எழுதிக் குடுத்துட்டாரு. நான்தான் கண்டுபிடிச்சு மாத்தினேன். அப்பத்தான் நானா ஒரு வரி சேத்தேன். அந்தப் பையனைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது. சார் எங்கன்னு கேட்டாரு, போட்டாரு. அந்தப் பையனுக்கு இடம் கிடைச்சுது. அடுத்த வருஷம் ரெண்டு வரி. அப்புறம் அவர் எழுதிக் குடுக்கிறதே நின்னு போச்சு, வழக்கம் போல போட்டுடுங்கன்னுடுவாரு. வழக்கம்னா அவரைப் பொறுத்தவரைக்கும் இன்னும் அந்த நாலு வரிதான். அவரைக் குத்தம் சொல்லாதீங்க, அவருக்கு ஒண்ணும் தெரியாது.

வரியில ஒண்ணு கூட பொய் இல்ல. இந்தாங்க, இந்த நோட்டு. பெஞ்சுல வந்து உக்காருற பிள்ளைங்க ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம். என்ன பேசிச்சு, யாருக்கு உதவி பண்ணிச்சு, என்னைக்கு அழுதுச்சு, எல்லாம் தேதி போட்டு இருக்கு. கூடத்துல நடக்கிறதெல்லாம் அங்க வேலை பாக்குற உதவியாளர் சொல்வாரு. எடுத்துட்டுப் போங்க, குழுவுல காட்டுங்க. எழுதின ஆள்தான் தப்பு, அந்தப் பிள்ளைங்க தப்பில்ல. அவங்க மேல கைய வச்சிடாதீங்க, அது ஒண்ணுதான் கேக்குறேன்.

டிக் மட்டும்தான் பொய். எல்லாருக்கும் முதல் கட்டத்துலயே போட்டுட்டேன். எந்தப் பிள்ளைய ரெண்டாவதுல போடுறது, மனசு வரல. மொத்த வகுப்பே முப்பத்தெட்டு பேரு, அதுல பதினோரு பேர் நூத்துக்கு முதல் அஞ்சுல எப்படி வருவாங்கன்னு அவ்வளவு பெரிய குழுவுல ஒருத்தருக்குமா தோணல? கடைசியில பாருங்க, ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் தூக்கி மேல உக்கார வச்சு, என் பொண்ணுக்கு நானே இடமில்லாம பண்ணிட்டேன்.

மணி அடிச்சிடுச்சு. இப்ப வருவாரு. நான் சொல்றத நம்ப வேண்டாம், அவரையே கேட்டுப் பாருங்க. இந்தப் பதினோரு பேர்ல எந்தப் பேரையாவது சொல்லி, இது யாருன்னு கேளுங்க. முகம் தெரியாது அவருக்கு. அப்புறம் குடுவையை உடைச்சது யாருன்னு கேளுங்க. நீங்க மூணு மணிக்குப் போய்ச் சேர முடியாது, அவ்வளவு பேசுவாரு.

எழுதிக்கோங்க சார், என் பேரைப் போட்டே எழுதிக்கோங்க. நோட்டைப் புரட்டுறீங்களா? கடைசி வரைக்கும் புரட்டுங்க, அதுல என் பொண்ணு இருக்க மாட்டா. குடுவைய உடைச்சிட்டு அவ போய்ச் சொல்ல பத்து நிமிஷம் ஆச்சு. எனக்கு ஒன்பது வருஷம் ஆகியிருக்கு. எந்திரிங்க, சார் வந்துட்டாரு.